கிளையன்ட் போலிங் செய்தும் 60 நொடியில் 504, என்ன செய்யலாம்?

ஜாவாக்காரன்

வணக்கம் நண்பர்களே. எங்களிடம் ஒரு பழைய சோப் சேவை (எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் வெப் சேவை) இருக்கிறது. அறிக்கை தயாரிக்கச் சொல்லிக் கேட்டால், தரவின் அளவைப் பொறுத்து 20 நொடியும் ஆகும், 4 நிமிடமும் ஆகும். கிளையன்ட் ஜாவாவில், ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (ஜாவாவில் சோப் சேவைகளைக் கூப்பிட உதவும் ஏபிஐ) வைத்து எழுதியது. முன்பு பதில் வரும்வரை திரை அப்படியே உறைந்து நிற்கும். அதனால் பைண்டிங் கோப்பில் அசிங்க் மேப்பிங்கை (பதிலுக்குக் காத்து நிற்காமல் கூப்பிடும் வசதி) இயக்கிவிட்டு போலிங் முறையில், அதாவது முடிந்ததா என்று அவ்வப்போது கேட்கும் முறையில், கூப்பிட ஆரம்பித்தோம். கூப்பிட்டதுமே ஒரு ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட் கைக்கு வந்துவிடுகிறது, அப்புறம் 2 நொடிக்கு ஒருமுறை ‘முடிந்ததா’ என்று சொல்லும் இஸ்டன் மெத்தடைக் கேட்டுக்கொண்டே இருப்போம், ட்ரூ வந்ததும் கெட் போட்டு அறிக்கையை எடுத்துக்கொள்வோம்.

திரை உறைவது நின்றுவிட்டது. ஆனால் 60 நொடியைத் தாண்டும் அறிக்கைகள் எல்லாம் 504-இல் (நடுவில் இருக்கும் ப்ராக்ஸி சர்வர் பதிலுக்குக் காத்திருந்து கைவிட்டதைச் சொல்லும் பிழை) போய் முடிகின்றன. சர்வர் லாகைத் திறந்தால் வேலை ஒழுங்காக முடிந்திருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் யாரும் இல்லை. பயனர் மறுபடி பொத்தானை அழுத்துகிறார், அதே அறிக்கை இன்னொரு முறை ஓட ஆரம்பிக்கிறது, டேட்டாபேஸ் திணறுகிறது. போலிங்தானே செய்கிறோம், பிறகு இணைப்பு ஏன் அறுபடுகிறது? ப்ராக்ஸியில் டைம்அவுட்டை 5 நிமிடமாக ஏற்றிவிடலாம் என்று குழுவில் ஒரு கருத்து ஓடுகிறது. செய்யலாமா?

வரிசைப்பணி

டைம்அவுட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் 2 நொடிக்கு ஒருமுறை கேட்கும் அந்தக் கேள்வி சர்வருக்குப் போவதே இல்லை. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் தரும் ரெஸ்பான்ஸ் என்பது ஜாவாவின் ஃபியூச்சர் இன்டர்ஃபேஸை நீட்டித்தது. இஸ்டன் என்று நீங்கள் கேட்பது உங்கள் சொந்த ப்ராசஸின் மெமரியில் கிடக்கும் ஒரு ஆப்ஜெக்ட்டிடம். பின்னணியில் வேறொரு த்ரெட் வழக்கமான போஸ்ட் கோரிக்கையை அனுப்பிவிட்டு, அதே டிசிபி இணைப்பைத் திறந்து வைத்தபடி பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறது. இணைப்பில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் போட்டுப் பாருங்கள், ஒரு போஸ்ட் போகும், அதன்பின் 60 நொடிக்கு எந்த நடமாட்டமும் இருக்காது, பிறகு 504 வந்து விழும். இடையில் நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட அங்கே தெரியாது.

திரை உறையாமல் இருக்க அது போதும், அதற்காகத்தான் அந்த வசதியும் வந்தது. ப்ராக்ஸியின் பார்வையில் இதுவும் பழைய சிங்க் அழைப்பும் ஒன்றேதான்.

டைம்அவுட்டை ஏற்றலாமா என்றால், தயவுசெய்து வேண்டாம். உங்களுக்கும் சர்வருக்கும் நடுவில் எத்தனை பெட்டிகள் இருக்கின்றனவோ அத்தனையிலும் ஏற்ற வேண்டியிருக்கும். என்ஜின்எக்ஸின் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்டை யாரும் மாற்றாவிட்டால் 60 நொடி. ஏடபிள்யூஎஸ் அப்ளிகேஷன் லோட் பேலன்சரின் ஐடில் டைம்அவுட்டும் இயல்பாக 60. ஹெரோகு ரவுட்டர் முதல் பைட்டுக்கு 30 நொடிவரைதான் பொறுக்கும். அஷூர் ஆப் சர்வீஸில் 230 நொடி. இதில் சிலவற்றை மாற்றலாம், சிலவற்றில் நம் கையில் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகு 6 நிமிடம் எடுக்கும் ஒரு அறிக்கை வரும்.

ஜாவாக்காரன்

வயர்ஷார்க்கில் பார்த்துவிட்டேன், நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. அப்படியென்றால் உண்மையான போலிங் எப்படி இருக்கும்? இணைப்பில் என்னென்ன போக வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வரிசைப்பணி

வேலையை ஒப்படைப்பது ஒரு கோரிக்கை, நிலவரம் கேட்பது வேறொரு கோரிக்கை, முடிவை எடுப்பது மூன்றாவது. ஒவ்வொன்றும் சில மில்லிநொடிகளில் முடிந்துவிட வேண்டும். நீண்ட நேரம் ஓடும் வேலை எந்த எச்டிடிபி இணைப்போடும் கட்டிப்போடப்படாமல், வரிசையில் தனியாக ஓட வேண்டும்.

கிளையன்ட் அறிக்கைக்கான போஸ்ட்டை அனுப்புகிறது. சர்வர் அளவுருக்களைச் சரிபார்த்து, டேட்டாபேஸில் ஒரு வேலைப் பதிவை எழுதி, வரிசையில் போட்டுவிட்டு உடனே 202 (ஏற்றுக்கொண்டேன், இன்னும் முடியவில்லை) அனுப்புகிறது. அதோடு லொகேஷன் தலைப்பில் நிலவர முகவரி, ரீட்ரை-ஆஃப்டர் தலைப்பில் 5 என்ற எண். கிளையன்ட் 5 நொடி கழித்து அந்த முகவரிக்கு ஒரு எச்டிடிபி கெட் கோரிக்கை போடுகிறது, 200 வருகிறது, உடலில் ‘ஓடுகிறது’ என்று இருக்கிறது, மறுபடி ஒரு ரீட்ரை-ஆஃப்டர். இப்படியே போய், ஒரு கட்டத்தில் ‘முடிந்தது’ என்ற நிலையும் அறிக்கை இருக்கும் முகவரியும் வரும். அங்கே ஒரு கெட், அவ்வளவுதான்.

இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த வடிவம் என்று நினைக்க வேண்டாம். எச்டிடிபியின் பொருள்விளக்கத்தை ஒன்றாகத் தொகுத்து 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110 (இணைய நெறிமுறை ஆவணங்களை ஆர்எஃப்சி என்பார்கள்), 202 பதில் வேலையின் தற்போதைய நிலையைச் சொல்லி, நிலவரம் பார்க்கும் இடத்தையும் காட்ட வேண்டும் என்றே சொல்கிறது. சான்றிதழ் வழங்கப் பயன்படும் ஏக்மி நெறிமுறையிலும் (ஆர்எஃப்சி 8555) இதே பாணிதான், ஆர்டரைக் கொடுத்துவிட்டு அதன் நிலை ‘ப்ராசஸிங்’ என்பதிலிருந்து ‘வேலிட்’ ஆகும்வரை கிளையன்ட் கேட்டுக்கொண்டிருக்கும்.

பலரும் கோட்டைவிடும் ஒரு இடம் உண்டு. சரிபார்ப்பை 202-க்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். தேதி வடிவம் தப்பு என்பதைத் தெரிந்துகொள்ள யாரும் 3 நிமிடம் போலிங் செய்யக் கூடாது, அதற்கு அங்கேயே 400 கொடுத்துவிடலாம்.

நூலிழை

ப்ரோ, அவர் சோப் சேவை என்று சொல்லியிருக்கிறார், நீங்கள் நேரடி எச்டிடிபி கோரிக்கைகளால் பேசும் ரெஸ்ட் பாடம் எடுக்கிறீர்கள். சோப் உலகத்திலும் இதற்கு வழி இருக்கிறது. 2006-இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்த டபிள்யூஎஸ்-அட்ரெஸ்ஸிங்கில் ரிப்ளை-டு என்று ஒரு தலைப்பு உண்டு, பதிலை வேறொரு முகவரிக்கு அனுப்பச் சொல்லலாம். சிக்கல் என்னவென்றால் கிளையன்ட் என்ஏடிக்கும் (உள் முகவரிகளை வெளியே தெரியாமல் மறைக்கும் ரவுட்டர் வசதி) ஃபயர்வாலுக்கும் பின்னால் இருந்தால் சர்வரால் அதைத் தொடவே முடியாது. அதற்காகத்தான் ஓயாசிஸ் அமைப்பு டபிள்யூஎஸ்-மேக்கனெக்‌ஷன் என்ற தரத்தைக் கொண்டுவந்தது. கிளையன்ட் தனக்கென்று ஒரு அடையாளம் தாங்கிய பெயரற்ற முகவரியைக் கொடுத்துவிட்டு, அவ்வப்போது தானே வந்து எனக்கு ஏதாவது செய்தி காத்திருக்கிறதா என்று கேட்கும். இருந்தால் அந்த எச்டிடிபி பதிலிலேயே சர்வர் கொடுத்துவிடும். இது நெறிமுறை மட்டத்தில் நடக்கும் உண்மையான போலிங். வெப்லாஜிக்கின் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் இதை ஆதரிக்கிறது.

வரிசைப்பணி

நூலிழை சொல்வது சரி, நல்ல நினைவூட்டல். இரண்டு முனையும் மேக்கனெக்‌ஷனை ஆதரிக்கும் ஸ்டாக் என்றால், நிரலை அதிகம் மாற்றாமலே வேலை முடிந்துவிடும். ஆனால் நாளைக்கு வேறு மொழியில் ஒரு கிளையன்ட் வந்தால் அதற்கு அந்த ஆதரவு இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது. அதனால் நான் இருந்தால் சேவையின் ஆபரேஷன்களை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பிலேயே மூன்று சாதாரண ஆபரேஷன்களைச் சேர்ப்பேன்: ஒப்படை, நிலவரம், முடிவு. எந்தச் சோப் கிளையன்ட்டும் கூப்பிடும், பிழைதேடும்போது ஒவ்வொரு செய்தியும் கண்ணுக்குத் தெரியும். ரீட்ரை-ஆஃப்டருக்குப் பதிலாக அடுத்து எத்தனை நொடி கழித்துக் கேட்பது என்பதைச் செய்தியின் உடலிலேயே ஒரு புலமாக வையுங்கள்.

ஜாவாக்காரன்

மூன்று ஆபரேஷன் வழி எங்களுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஒரு சந்தேகம். ஒப்படைக்கும் கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால்? கிளையன்ட்டுக்கு வேலை எண் தெரியாது, மறுபடி அனுப்பினால் இரண்டு வேலை ஓடும். பழைய தலைவலி அப்படியே திரும்பி வருகிறதே.

காவல்கோபுரம்

அந்த எண்ணைக் கிளையன்ட்டே உருவாக்கட்டும். பயனர் பொத்தானை அழுத்தியதும் ஒரு யூயுஐடி (திரும்ப வராத தனி அடையாள எண்) உருவாக்கி, முதல் முயற்சிக்கும் மறு முயற்சிக்கும் அதையே அனுப்புங்கள். சர்வர் பக்கம் அந்தப் புலத்தின்மேல் டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாடு வைத்துவிடுங்கள். இரண்டாவது முறை வந்தால் இன்செர்ட் தோற்கும், உடனே ஏற்கெனவே இருக்கும் வேலையின் எண்ணை எடுத்து அதே பதிலைத் திருப்பி அனுப்புங்கள். முதலில் செலக்ட் போட்டுப் பார்த்து, இல்லையென்றால் இன்செர்ட் என்று மட்டும் எழுத வேண்டாம், இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே ‘இல்லை’ என்ற பதிலைப் பார்த்துவிடும். கட்டண ஏபிஐகளில் ஐடெம்பொட்டென்சி-கீ என்ற தலைப்பு செய்வதும் இதைத்தான்.

இப்போது நான் பேச வந்த விஷயம், போலிங் வேகம். 2 நொடிக்கு ஒருமுறை என்று கிளையன்ட்டுக்குள் எழுதிவைக்கவே கூடாது. 2000 கிளையன்ட்கள் காத்திருந்தால் நிலவரக் கேள்வி மட்டும் நொடிக்கு 1000. அந்த எண்ணை மாற்ற நினைக்கும்போது, பழைய கிளையன்ட் எத்தனை இயந்திரங்களில் நிறுவப்பட்டுக் கிடக்கிறதோ அத்தனையிலும் கை வைக்க வேண்டும். வேகத்தைச் சர்வர் சொல்ல வேண்டும், கிளையன்ட் கேட்க வேண்டும். இதை நெறிமுறையாகவே எழுதி வைத்திருக்கும் இடம் ஓஆத் டிவைஸ் ஃப்ளோ, 2019-இல் வந்த ஆர்எஃப்சி 8628. டிவியில் குறியீடு காட்டி மொபைலில் உள்நுழையச் சொல்வார்களே, அதுதான். சர்வர் இன்டர்வல் என்று ஒரு எண் தரும், தராவிட்டால் 5 நொடி. வேகமாகக் கேட்டால் ‘ஸ்லோ டவுன்’ என்று பதில் வரும், அது வந்தால் கிளையன்ட் தன் இடைவெளியில் 5 நொடி கூட்டிக்கொண்டே ஆக வேண்டும். அழகாக யோசித்திருக்கிறார்கள்.

முன்முனை

எக்ஸ்போனென்ஷியல் பேக்ஆஃப் (இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குவது) போட்டுவிட்டால் வேகப் பிரச்சினை தீர்ந்துவிடுமே? 1, 2, 4, 8 என்று போகட்டும்.

காவல்கோபுரம்

எல்லாரும் முதலில் சொல்வது அதுதான், ஆனால் நான் இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்ப்பேன். 503 (சேவை இப்போது இல்லை), 429 (மிக அதிகக் கோரிக்கைகள்), இணைப்பு அறுந்தது, இவையெல்லாம் சர்வர் சிரமத்தில் இருக்கிறது என்பதற்கு அறிகுறி. அங்கே இரட்டிப்பாக்கும் பேக்ஆஃப் சரி. ‘ஓடுகிறது’ என்பது ஆரோக்கியமான பதில், அதற்கு ஏன் பின்வாங்க வேண்டும்? இரட்டித்துக்கொண்டே போனால் 127-வது நொடியில் ஒருமுறை கேட்டு, அடுத்து 255-வது நொடியில்தான் கேட்பீர்கள். அறிக்கை 130-வது நொடியில் தயாராகியிருந்தால் பயனர் 2 நிமிடம் சும்மா காத்திருக்கிறார்.

எனக்குப் பிடித்த கணக்கு, இதுவரை காத்திருந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. குறைந்தது 1 நொடி, அதிகபட்சம் 15 நொடி. முதல் 10 நொடிக்கு நொடிக்கொரு முறை, அப்புறம் மெல்ல விலகிக்கொண்டே போகும். 4 நிமிட வேலைக்கு 2 நொடி இடைவெளியில் 120 கேள்விகள் ஆகும், இந்த முறையில் 45 சொச்சத்தில் முடிந்துவிடும். பயனரின் வீண் காத்திருப்பும் மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கும். சர்வர் இந்தக் கணக்கைப் போட்டு ரீட்ரை-ஆஃப்டரில் எழுதிவிட்டால், கிளையன்ட்டில் நிரலே தேவையில்லை.

அதோடு கொஞ்சம் ரேண்டம் கலந்துவிடுங்கள். சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது எல்லாக் கிளையன்ட்டும் ஒரே நொடியில் திரும்பி வரும், அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வந்து மோதும். டிராப்பாக்ஸின் லாங்போல் ஏபிஐயில் டைம்அவுட்டோடு 90 நொடி வரை ரேண்டமாகக் கூட்டிக்கொள்வது இந்த நெரிசலைத் தவிர்க்கத்தான்.

நூலிழை

இத்தனை கணக்குப் போடுவதற்குப் பதிலாக லாங் போலிங் வைத்துவிடலாமே? நிலவரக் கோரிக்கையைச் சர்வர் 20, 25 நொடி பிடித்து வைத்திருக்கட்டும், நடுவில் வேலை முடிந்தால் உடனே பதில், இல்லையென்றால் ‘ஓடுகிறது’ என்று அனுப்பிவிடட்டும். கேள்விகளும் குறையும், தாமதமும் இருக்காது. அமேசானின் செய்தி வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ்ஸில் அதிகபட்சம் 20 நொடி பிடிக்கலாம், 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6202 பொதுவாக 30 நொடி பாதுகாப்பான அளவு என்கிறது.

வரிசைப்பணி

நல்ல வழிதான், எதிர்க்கவில்லை. சர்வர் த்ரெட்-ஒன்றுக்கு-ஒரு-கோரிக்கை மாதிரியில் ஓடினால் மட்டும் யோசியுங்கள். 200 த்ரெட் உள்ள பூலில் 200 பேர் நிலவரத்துக்காகத் தொங்கிக்கொண்டிருந்தால், புதிதாக ஒப்படைக்க வருபவருக்கு இடமிருக்காது. பழைய சோப் சேவை என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அறிக்கைகளுக்கு 5 நொடித் தாமதம் யாரையும் பாதிக்காது, சாதாரணப் போலிங்கில் ஆரம்பித்துவிட்டு அளந்து பார்த்தபின் மாறலாம்.

வெப்ஹூக் (வேலை முடிந்ததும் சர்வரே கிளையன்ட்டைக் கூப்பிட்டுச் சொல்வது) பற்றியும் யாராவது கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மறுமுனையில் இருப்பது இன்னொரு சர்வர் என்றால் வெப்ஹூக் அருமை. ஆனால் அது வழியில் தொலைந்தால் கிளையன்ட் எங்கே போய்க் கேட்கும்? நிலவர முகவரி அப்போதும் வேண்டும். ஆகவே போலிங்கை முதலில் கட்டுங்கள்.

முன்முனை

உலாவிப் பக்கமிருந்து சில அனுபவங்கள், ஜாவாக்காரன் பின்னால் வெப் திரை கட்டினால் உதவும்.

செட்இன்டர்வலில் (பதில் வந்ததா என்று பாராமல் குறித்த இடைவெளியில் ஓடும் டைமர்) போலிங் செய்யாதீர்கள். பதில் வர 6 நொடி எடுத்து, இடைவெளி 2 நொடியாக இருந்தால் மூன்று கோரிக்கைகள் ஒரே நேரத்தில் பறந்துகொண்டிருக்கும். பழைய பதில் கடைசியாக வந்து ‘முடிந்தது’ என்பதை ‘ஓடுகிறது’ என்று திரையில் மாற்றி எழுதிவிடும். பதில் வந்தபின் செட்டைம்அவுட் வைத்து அடுத்ததைக் கேளுங்கள். டேப் பின்னால் போய்விட்டால் உலாவி டைமரை மெதுவாக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். குரோம் 88 முதல், 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் நிலைக்குப் போகலாம். விசிபிலிட்டி-சேஞ்ச் நிகழ்வைக் கேட்டு, பயனர் திரும்பி வந்ததும் உடனே ஒரு நிலவரம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் 303. வேலை முடிந்ததும் நிலவர முகவரி 303 கொடுத்து முடிவுக்கு அனுப்புவது படிக்க அழகாக இருக்கும். ஆனால் உலாவியின் ஃபெட்ச் அதைத் தானாகவே பின்தொடர்ந்துவிடும், நிலவரம் கேட்ட நிரலின் கையில் திடீரென்று 40 எம்பி பிடிஎஃப் வந்து விழும். சில எச்டிடிபி லைப்ரரிகள் போகிற போக்கில் ஆத்தரைசேஷன் தலைப்பையும் புதிய முகவரிக்கு எடுத்துப் போகும். முடிவு இருப்பது அமேசான் எஸ்3 சேமிப்பகத்தின் ப்ரீ-சைன்ட் முகவரி (அனுமதிச் சான்றைத் தன்னுள்ளேயே தாங்கியது) என்றால், இரண்டு விதமான சான்று ஒன்றாக வருகிறது என்று அது 400 கொடுத்துத் திருப்பிவிடும். அதனால் வரிசைப்பணி சொன்னபடி முகவரியை உடலில் கொடுப்பதே என் தேர்வு.

ஜாவாக்காரன்

சோதனைச் சூழலில் மூன்று ஆபரேஷனும் ஓடுகிறது, 4 நிமிட அறிக்கையும் 504 இல்லாமல் வந்துவிட்டது, மிக்க நன்றி! ஒரு விசித்திரம் மட்டும். சில வேலைகளுக்கு ஒப்படைத்த உடனே கேட்கும் முதல் நிலவரத்தில் ‘அப்படி ஒரு வேலை இல்லை’ என்று வருகிறது, அடுத்த கேள்வியில் சரியாகிவிடுகிறது. இன்னொன்று, ஒரு வேலை நேற்றிலிருந்து ‘ஓடுகிறது’ என்றே நிற்கிறது.

காவல்கோபுரம்

முதலாவது, நிலவரத்தை ரீட் ரெப்ளிகாவிலிருந்து (படிக்க மட்டும் வைத்திருக்கும் டேட்டாபேஸ் நகல்) படிக்கிறீர்களா என்று பாருங்கள். எழுதியது ப்ரைமரியில், ரெப்ளிகாவுக்கு அது போய்ச் சேரச் சில நூறு மில்லிநொடி ஆகும், கேள்வி அதற்குள் வந்துவிட்டால் இப்படித்தான். நிலவரத்தை ப்ரைமரியிலிருந்தே படியுங்கள், ஒரு வரி தேடல்தான், பாரமாகாது. பின்னால் இதையே கெட் முறையில் வைத்தால் கேச்-கன்ட்ரோலில் நோ-ஸ்டோர் போட மறக்காதீர்கள், நடுவில் ஒரு சிடிஎன் (பதில்களைச் சேமித்துவைத்துத் தரும் சர்வர்கள்) ‘ஓடுகிறது’ என்ற பதிலைப் பிடித்துவைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே கொடுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவதில், அந்த வேலையை எடுத்த வொர்க்கர் ப்ராசஸ் செத்துப்போயிருக்கும். ‘ஓடுகிறது’ என்று எழுதியது அதுதான், அதை மாற்ற யாரும் உயிரோடு இல்லை. வொர்க்கர் 15 நொடிக்கு ஒருமுறை வேலைப் பதிவில் நேரத்தைப் புதுப்பிக்கட்டும். ஒரு நிமிடமாகப் புதுப்பிக்கப்படாத வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம், அல்லது ‘தோற்றது’ என்று குறிக்கலாம். கிளையன்ட் பக்கமும் மொத்தக் காத்திருப்புக்கு ஒரு உச்சவரம்பு கட்டாயம் வேண்டும்.

‘தோற்றது’ என்ற நிலையைச் சோப் ஃபால்ட்டாகவோ 500 ஆகவோ அனுப்பாதீர்கள். நிலவரம் கேட்டது வெற்றிதான், வேலைதான் தோற்றது. இரண்டையும் குழப்பினால் கிளையன்ட் இது தற்காலிகக் கோளாறு என்று எண்ணி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நூலிழை

பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலை எண் யூயுஐடி, யாராலும் ஊகிக்க முடியாது என்று விட்டுவிடாதீர்கள். எண்கள் லாகில் போகும், டிக்கெட்டில் ஒட்டப்படும், மின்னஞ்சலில் பறக்கும். நிலவரத்திலும் முடிவிலும், கேட்பவர்தான் ஒப்படைத்தவரா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அறிக்கையை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதையும் முதல் பதிலிலேயே சொல்லிவிடுங்கள், காலாவதியானால் ‘இருந்தது, நீக்கப்பட்டது’ என்று தனியாகச் சொல்லுங்கள், எச்டிடிபியில் அதற்கு 410 இருக்கிறது.

ஜாவாக்காரன்

ரெப்ளிகாவேதான் காரணம், மாற்றிவிட்டோம். கடைசியாக ஒன்று: பயனர் சாளரத்தை மூடிவிட்டுப் போய்விட்டால் போலிங் நின்றுவிடுமே, அதை வைத்தே சர்வர் வேலையை நிறுத்திவிடலாமா?

வரிசைப்பணி

நிறுத்தாதீர்கள். கேள்வி வரவில்லை என்றால் லேப்டாப்பை மூடியிருக்கலாம், வைஃபை போயிருக்கலாம், டேப் பின்னால் இருக்கலாம். இரவில் ஒப்படைத்துவிட்டுக் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதுதானே இந்த முறையின் பெரிய பயன்! ரத்துக்கு என்று நான்காவது ஆபரேஷன் ஒன்று வையுங்கள். அது வேலைப் பதிவில் ‘ரத்து கேட்கப்பட்டது’ என்று ஒரு கொடியை மட்டும் எழுதட்டும், வொர்க்கர் ஒவ்வொரு தொகுதியையும் முடித்ததும் அந்தக் கொடியைப் பார்த்து நின்றுகொள்ளட்டும். ரத்து போய்ச் சேர்வதற்குள் வேலை முடிந்திருந்தால் பிழை என்று சொல்ல வேண்டாம், ‘முடிந்தது’ என்ற நிலையையே திருப்பிக் கொடுங்கள். அறிக்கை தயாராக இருக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்பதைப் பயனர் பார்த்துக்கொள்வார்.